உங்கள் தெருவுக்கு யார் பொறுப்பு? நகரவாசிகள் கேட்க ஒரு சபை இருக்கிறது!

காலையில் கண் விழித்ததும் முதலில் எந்த அரசாங்கத்தைப் பார்க்கிறோம்?

டெல்லியையா? கோட்டையையா? இரண்டும் தூரத்தில் இருக்கின்றன. வாசலுக்கு வெளியே விளக்குமாற்றுச் சத்தம் கேட்கிறதே, அதுதான் நாம் தினமும் பார்க்கும் முதல் அரசாங்கம். தெருவிளக்கு எரிந்தால் அது ஓர் அரசாங்கம். எரியாவிட்டாலும் அதே அரசாங்கம்தான்!

வீட்டில் குழந்தை பிறக்கிறது. சான்றிதழ் வேண்டும். பெரியவர் ஒருவர் காலமாகிறார். மயானம் வேண்டும். கொசு கடிக்கிறது. மருந்து அடிக்க வேண்டும். மழை பெய்கிறது. தண்ணீர் வடிய வேண்டும். இத்தனைக்கும் நாம் போய் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். அதன் பெயர் மாநகராட்சி.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அமெரிக்க ஜனாதிபதி யார் என்று கேட்டால் வீட்டில் உள்ள சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். "நமது வார்டு எண் என்ன? கவுன்சிலர் யார்?" என்று கேட்டால் பெரியவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இதனால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். எப்படி என்று பார்ப்போம். சென்னை மாநகராட்சியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

மூன்று நூற்றாண்டு வயது

சென்னை மாநகராட்சி இன்று நேற்று வந்ததல்ல. 1688-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி அது தொடங்கியது. இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி இதுதான். அப்போது கம்பெனி ஆட்சி. மேயரும் வெள்ளைக்காரர். பொதுஜனங்களின் ஓட்டு என்ற பேச்சே கிடையாது.

சென்டிரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று நிற்கிறதே ரிப்பன் மாளிகை, அது திறக்கப்பட்டது 1913-ம் ஆண்டில். மாநகராட்சிக்குப் புகார் சொல்லும் டெலிபோன் எண்ணும் 1913தான். மாளிகை திறந்த ஆண்டை நினைவில் வைத்தால் புகார் எண்ணும் நினைவில் நிற்கும்.

இந்த மாநகராட்சி நாட்டுக்கே வழி காட்டிய ஒரு காரியம் உண்டு. 1920-ம் ஆண்டு. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சியின் தலைவர். ஆயிரம் விளக்கில் இருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள். பசித்தால் படிப்பு ஏறுமா? மதியம் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று மாநகராட்சி முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு.

அந்த ஓர் அணாதான் பிறகு பெரிய மரமாக வளர்ந்தது. 1956-ல் காமராஜர் மாநிலம் எங்கும் மதிய உணவு கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

ஒரு நகர சபை ஒரு பள்ளிக்கூடத்துக்காக எடுத்த முடிவு எவ்வளவு தூரம் போயிற்று பார்த்தீர்களா! உள்ளூர் ஆட்சியைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக்கூடாது.

எது யார் வேலை?

இனி நடைமுறைக்கு வருவோம்.

குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. வீட்டுக்கார அம்மாள் ஒருவர் வேலையை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து, மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன பதில் கிடைக்கும்? "அம்மா, இது எங்கள் வேலை இல்லை. குடிநீர் வாரியத்துக்குப் போங்கள்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த அம்மாளுக்கு அரை நாள் கூலி போய்விட்டது.

சென்னையில் குடிநீரும் சாக்கடையும் மாநகராட்சியின் கையில் இல்லை. 1978-ம் ஆண்டு தனிச் சட்டம் போட்டு, அவற்றைக் குடிநீர் வாரியத்திடம் கொடுத்துவிட்டார்கள். "மெட்ரோ வாட்டர்" என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இது. அதற்குப் புகார் எண் 1916.

மழைநீர் வடிகாலோ மாநகராட்சியைச் சேர்ந்தது! இங்கேதான் பலருக்குக் குழப்பம். தெரு ஓரத்தில் இரண்டு மூடிகள் இருக்கின்றன. ஒன்றின் கீழே சாக்கடை. இன்னொன்றின் கீழே மழைநீர் வடிகால். முதலாவது வாரியத்துக்கு. இரண்டாவது மாநகராட்சிக்கு. வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக வடிகாலில் விடுகிறவர்களும் உண்டு. அதனால் மழைக் காலத்தில் இரண்டும் கலந்து தெருவுக்கே வந்துவிடுகிறது. அப்போது "அவர்கள் வேலை", "இவர்கள் வேலை" என்று பந்து உருளுகிறது.

சுருக்கமாக ஒரு கணக்கு தருகிறோம். வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

குப்பை, தெருவிளக்கு, உட்புறத் தெருக்கள், மழைநீர் வடிகால், பூங்கா, பொதுக் கழிப்பிடம், கொசு ஒழிப்பு, தெரு நாய், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, மயானம்: இவை மாநகராட்சி. எண் 1913.

குடிநீர், சாக்கடை அடைப்பு: குடிநீர் வாரியம். எண் 1916.

மின்சாரம் போய்விட்டால்: மின்வாரியத்தின் "மின்னகம்". எண் 94987 94987.

ஆம்புலன்ஸ்: 108. போலீஸ்: 100 அல்லது 112. பெண்களுக்கான உதவி: 181.

பெரிய சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்புகளின் பராமரிப்பு, முன்பு குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. ரேஷன் கடை உணவுப் பொருள் வழங்கல் துறையைச் சேர்ந்தது.

ஒரே தெரு! அதற்கு எத்தனை எஜமானர்கள்! இது மக்கள் செய்த குற்றம் அல்ல. ஆனால் கஷ்டப்படுவது மக்கள். அதனால்தான் இத்தனை அலுவலகங்களையும் ஒரே இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க, நமது ஓட்டு வாங்கிய ஓர் ஆள் வேண்டும். அவர்தான் கவுன்சிலர்.

கவுன்சிலர் இல்லாத காலம்

கவுன்சிலர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இல்லாத காலத்தைச் சென்னை இரண்டு முறை பார்த்திருக்கிறது.

முதல் முறை 1973-ல். மஸ்டர் ரோல் ஊழல் என்று அப்போது பெரும் பேச்சு. மஸ்டர் ரோல் என்றால் கூலிக்காரர்களின் வருகைப் பட்டியல். அதில் வேலைக்கே வராத ஆட்கள் பெயரை எழுதிக் கூலி எடுத்துவிட்டார்கள் என்பது புகார். மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-ல்! இருபத்து மூன்று ஆண்டுகள் சென்னையை அதிகாரிகளே நடத்தினார்கள். கலைத்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாண வயதுக்கே வந்துவிட்டது. அதுவரை அதற்குக் கவுன்சிலர் என்றால் என்னவென்றே தெரியாது.

இரண்டாவது முறை 2016-ல். மன்றத்தின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீடு சம்பந்தமாக வழக்கு வந்தது. தேர்தல் நின்றது. தனி அதிகாரிகள் வந்தார்கள். மீண்டும் ஓட்டுப் போட்டது 2022-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி. நடுவில் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த இடைவெளியில் என்னென்ன வந்தன என்று நினைத்துப் பாருங்கள். 2019-ல் ஏரிகள் வறண்டன. குடத்தோடு பெண்கள் லாரிக்குக் காத்திருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். எந்தத் தெருவில் யாருக்கு அரிசி இல்லை, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்று தெரிந்த உள்ளூர்ப் பிரதிநிதி சட்டப்படி ஒருவரும் இல்லை. தொண்டர்களும் ஊழியர்களும் அலைந்து வேலை செய்தார்கள். உண்மை. ஆனால் அவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு ஏது?

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். கவுன்சிலர் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது மன்றம் இருந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருக்கள் குளமானபோதும் மன்றம் இருந்தது. ஆக, பிரதிநிதி இருப்பது பாதி. அவரைக் கேட்பது மறு பாதி.

கிராமத்துக்கு இருந்தது, நகரத்துக்கு இல்லை!

எப்படிக் கேட்பது? இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது.

கிராமத்தில் கிராம சபை உண்டு. 1994-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று சபை கூடும். பின்னால் மேலும் இரண்டு நாட்கள் சேர்க்கப்பட்டன. ஊரில் ஓட்டு உள்ள யாரும் போகலாம். "இந்த ரோட்டுக்கு எவ்வளவு செலவு? கணக்கைக் காட்டுங்கள்" என்று தலைவரை நேருக்கு நேர் கேட்கலாம். தீர்மானம் போடலாம்.

ஏர் பிடிக்கும் விவசாயிக்கு இருந்த இந்த உரிமை, பட்டணத்தில் பட்டப் படிப்புப் படித்தவருக்கு இல்லை! 1993-ம் ஆண்டு அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், பெரிய நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொன்னது. ஆனால் ஆண்டுகள் ஓடின. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் விதிமுறைகள் வந்தது 2022-ல்தான்.

பகுதி சபை என்றால் என்ன?

ஒரு வார்டு பெரியது. சென்னையில் மொத்தம் 200 வார்டுகள். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படியே விரிவடைந்த சென்னையின் ஜனத்தொகை ஏறக்குறைய 67 லட்சம். வகுத்துப் பாருங்கள். ஒரு வார்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வருகிறது! ஒரு பெரிய கிராமம்கூட இவ்வளவு இருக்காது. அத்தனை பேரும் ஓரிடத்தில் கூட முடியுமா? அதனால் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. அந்தப் பகுதியில் ஓட்டு உள்ள எல்லாரும் அதில் உறுப்பினர்கள். தனியாக மனுப் போட வேண்டியதில்லை. சந்தா கட்ட வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சபை கூட வேண்டும் என்பது விதி. கவுன்சிலர் வர வேண்டும். அதிகாரிகள் வர வேண்டும். நமது தெருவுக்கு என்ன வேண்டும், அதில் எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்லலாம். பகுதிக்கு ஒருவராகச் சேர்த்து வார்டு குழு அமைகிறது. அதற்குத் தலைவர் கவுன்சிலர்.

2022-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, இந்தச் சபைகள் முதன்முதலாகக் கூடின. அன்று முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த சபையில் கலந்துகொண்டார்.

நல்ல ஏற்பாடு. ஆனால் குறைகளும் உண்டு. வார்டு குழுவுக்குப் போகும் பகுதிப் பிரதிநிதியை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நியமிக்கிறார்கள். கட்சிக்காரர்களுக்கே அந்த இடம் போய்விடுகிறது என்ற முணுமுணுப்பு எழுந்தது. சபை கூடும் நாள் பல தெருக்களுக்குத் தெரிவதே இல்லை. தெரியாத சபைக்கு யார் போவார்கள்? பத்துப் பேர் கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தால், காகிதத்தில் சபை நடந்துவிடும். தெருவில் ஒன்றும் நடக்காது.

அந்தக் காகிதச் சபையை நிஜச் சபையாக்குவது நமது கையில் இருக்கிறது.

மேயருக்கு எவ்வளவு அதிகாரம்?

மேயர் என்றால் நகரத்துக்கே ராஜா என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் அப்படி நினைக்க வைக்கின்றன. உண்மை வேறு.

நிர்வாகம் கமிஷனர் கையில். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரை நியமிப்பது மாநில அரசு. மன்றம் தீர்மானம் போடும்; பட்ஜெட்டை நிறைவேற்றும்; கேள்வி கேட்கும். நிறைவேற்றுவது கமிஷனரும் அவர் கீழே உள்ள அதிகாரிகளும். குடிநீர், மின்சாரம், பெரிய கட்டிடங்களுக்கு அனுமதி எல்லாம் வெவ்வேறு வாரியங்களில் இருக்கின்றன.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறி மாறி வந்திருக்கிறது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஆர்.பிரியா மேயரானார். அப்போது அவருக்கு வயது 28. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து சென்னை மேயரான முதல் பெண்மணி அவர். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமானதால், கூடத்தில் பெண் குரல் முன்னைவிட அதிகமாகக் கேட்டது. அந்தச் சட்டம் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது கவுன்சிலரேயன்றி அவர் கணவர் அல்ல என்பதையும் நாம் மனதில் கொள்ள வேண்டும்!

மன்றத்தின் முடிவு ஏழையின் அடுப்பை எப்படித் தொடும் என்பதற்கு ஒரு சம்பவம். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலிலேயே உட்கார்ந்தார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். வெயில், மழை பார்க்காமல் 13 நாள் போராட்டம். ஐகோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு இரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள்.

தனியாரிடம் கொடுத்தால் நகரம் சுத்தமாகும், செலவும் கட்டுப்படும் என்பது ஒரு கட்சி. பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தவர்களின் சம்பளமும் வேலை உறுதியும் என்ன ஆகும் என்பது மறு கட்சி. எது சரி என்று வாசகர்கள் யோசிக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். சென்னையில் தினமும் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். அதை அள்ளுகிற கை யாருடையது, அதற்கு என்ன கூலி என்பது, குப்பையைப் போடுகிற நாமும் பேச வேண்டிய விஷயம். நமது பகுதி சபையில் அந்தப் பேச்சு எழுந்ததா?

வரி கட்டுகிறோம், கணக்குக் கேட்கிறோமா?

1998-க்குப் பிறகு சென்னையில் சொத்து வரி பொதுவாக மாற்றி அமைக்கப்படாமல் இருந்தது. 2022-ல் அது உயர்ந்தது. பழைய சென்னைப் பகுதியில், வீட்டின் அளவைப் பொறுத்து, நூற்றுக்கு 50 முதல் 150 வரை கூடியது. சின்ன வீட்டுக்குக் குறைவு. பெரிய வீட்டுக்கு அதிகம். 2024-ல் மேலும் 6 சதவீதம் கூட்டினார்கள்.

வரி ஏறினால் வாடகை ஏறும். ஆகவே, "எனக்குச் சொந்த வீடு இல்லை, எனக்கென்ன?" என்று குடித்தனக்காரர் சும்மா இருக்க முடியாது. வீட்டுக்காரர் கட்டும் வரியில் அவர் பங்கும் இருக்கிறது.

வரி இல்லாமல் நகரம் நடக்காது. அதில் தகராறு இல்லை. ஒரு ரூபாய் இட்லி என்று 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் மாநகராட்சி நடத்தியவைதான். ஒரு கட்டத்தில் 400-க்கு மேல் இருந்தன. சுமை தூக்குகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஐந்து ரூபாயில் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். அதற்கும் பணம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்?

கட்டுவது கடமை. கேட்பது உரிமை. கடமையைச் செய்துவிட்டு உரிமையை விட்டுவிடுகிற கூட்டமாக நாம் இருக்கக்கூடாது.

கேட்பது எப்படி?

முதல் படி: வார்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். சொத்து வரி ரசீதில் இருக்கும். பக்கத்து வார்டு அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாம் படி: சின்னக் குறைகளுக்கு 1913-ஐக் கூப்பிடுங்கள். கைப்பேசியில் "நம்ம சென்னை" செயலி இருந்தால் படம் எடுத்தே அனுப்பலாம். புகாருக்கு ஓர் எண் தருவார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போய்விடும்.

மூன்றாம் படி: வேலை நடக்காவிட்டால் வார்டு உதவிப் பொறியாளரையோ சுகாதார ஆய்வாளரையோ பாருங்கள். வாயால் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதுங்கள். தேதி போடுங்கள். தெருவில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

நான்காம் படி: பகுதி சபை எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். தேதி தெரிந்ததும் தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள். தனியாகப் போனால் தனி ஆள் குறை. இருபது பேர் போனால் தெருவின் குறை. ஒரே கூட்டத்தில் பத்து விஷயம் பேச வேண்டாம். ஒன்றை எடுத்து அழுத்திப் பேசுங்கள். சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா என்று பாருங்கள். அடுத்த சபையில், "போன முறை சொன்னது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பலம் அதிகம்.

ஐந்தாம் படி: பணம் செலவானதில் சந்தேகமா? 2005-ம் ஆண்டு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

குடும்பங்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் இல்லை. பெயரையும் ஓர் ஆண்டுக்குள் சேர்த்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆதாரம். இதற்காகத் தரகர் எவருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

நூற்றுக்கு 44!

கடைசியாக ஒரு கணக்கு. 2022-ல் நடந்த தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் நகரங்களில் நூற்றுக்கு அறுபது பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் எத்தனை பேர்? ஏறக்குறைய 44 பேர். பாதிக்கும் குறைவு! மாநிலத்தின் தலைநகரம், படித்தவர்கள் நிறைந்த ஊர், ஓட்டுப் போடுவதில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தது.

ஓட்டுப் போடாத 56 பேரும் குப்பை போடாமல் இருந்தார்களா? தெருவிளக்கு இல்லாமல் நடந்தார்களா? இல்லை. நகரத்தின் வசதி எல்லாம் அவர்களுக்கும் வேண்டும். ஆனால் நகரத்தை நடத்துகிறவரைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் இல்லை.

2022-ம் ஆண்டு மார்ச்சில் பதவி ஏற்ற மன்றத்துக்குச் சட்டம் கொடுத்த காலம் ஐந்து ஆண்டு. அதாவது 2027 மார்ச் வரை. ஒரு மன்றத்தின் காலம் முடிந்ததும் அடுத்த தேர்தல் உடனே நடக்க வேண்டும். மீண்டும் ஒரு 1973-ம் வரக்கூடாது. மீண்டும் ஒரு 2016-ம் வரக்கூடாது. உரிய காலத்தில் தேர்தல் வேண்டும் என்று கேட்பதும் நகரவாசியின் வேலைதான். கட்சி எதுவாக இருந்தாலும் இதைக் கேட்கலாம்.

1920-ல் ஆயிரம் விளக்குப் பிள்ளைகளின் பசியை மாநகராட்சி பார்த்தது. யாரோ ஒருவர் அதை மன்றத்தில் எடுத்துச் சொன்னதால்தான் பார்த்தது. சொல்லாத பசி எவர் கண்ணுக்கும் தெரியாது. சொல்லாத பள்ளமும் அப்படியே.

அடுத்த பகுதி சபை உங்கள் தெருவுக்கு எப்போது? நாளைக்கே விசாரியுங்கள்.